இரு எஞ்சின்கள், ஒரே வேகம்

மும்பையிலிருந்து புணே செல்லும் இருப்புப்பாதை, கர்ஜத் நிலையத்தைக் கடந்ததும் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத் தொடங்குகிறது. போர்காட் எனப்படும் அம்மலைப்பாதை 1863ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதன் ஏற்றம் 37க்கு 1. அஃதாவது, 37 மீட்டர் தொலைவு செல்வதற்குள் பாதை 1 மீட்டர் உயர்ந்துவிடுகிறது. இருப்புப்பாதைக்கு இது மிகக் கடுமையான ஏற்றம். கனமான வண்டியை முன்னுள்ள எஞ்சின் மட்டும் இழுத்து ஏற்றுதல் அரிது. ஆகவே கர்ஜத்தில் வண்டியின் பின்புறம் துணை எஞ்சின்கள் இணைக்கப்படுகின்றன. இரயில்வே ஊழியர்கள் இவற்றைப் பேங்கர் என்பர். முன்னது இழுக்க, பின்னவை தள்ள, வண்டி லோனாவளாவை அடைகிறது.

இதே காட்சியை ஒரு மேசைமேல் அமைத்துப் பார்க்க விரும்பும் மாதிரி இரயில் ஆர்வலர் விரைவில் ஓர் இடர்ப்பாட்டைச் சந்திப்பார். மெய்யான பாதையில், முன் எஞ்சினில் ஓர் ஓட்டுநர் உண்டு. பின் எஞ்சினிலும் ஓர் ஓட்டுநர் உண்டு. சுமை கூடுவதையும் குறைவதையும் உணர்ந்து இருவரும் தத்தம் எஞ்சினை இயக்குவர். மேசைமேல் ஓடும் எஞ்சினுள் உணர்வதற்கு எவரும் இல்லை. இரண்டு எஞ்சின்களுக்கும் ஒரே எண் கட்டளையாகச் செல்கிறது. ஆனால் அவை ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. முன்னது விரைந்தால் பெட்டிகளின் தொடர் விறைத்து, எடை குறைந்த பெட்டிகள் வளைவின் உட்புறமாக இழுபட்டுச் சாய்கின்றன. பின்னது விரைந்தால் பெட்டிகள் நெருக்குண்டு தடம் புரளுகின்றன. தடம் புரளாவிட்டாலும், ஓர் எஞ்சின் மற்றதை வலிந்து இழுப்பதால் சக்கரங்கள் வழுக்குகின்றன, மோட்டார் சூடேறுகிறது. பல மாதங்கள் பணம் சேர்த்து வாங்கிய எஞ்சின், ஒரு மாலைப்பொழுதில் பழுதாகிவிடக்கூடும்.

மின்னணுக் கட்டளையால் இயங்கும் மாதிரி எஞ்சின்களில் இவ்விடர்ப்பாட்டுக்குத் தீர்வு உண்டு. அதனை அறிய, கட்டளை எவ்வாறு செல்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

அளவும் பாதையும்

மாதிரி இரயில்கள் பல அளவுகளில் செய்யப்படுகின்றன. உலகில் மிகுதியாக வழங்குவது எச்.ஓ. என்னும் அளவு. இதில் மாதிரி, மெய்ப்பொருளின் 87இல் ஒரு பங்கு. 20 மீட்டர் நீளமுள்ள எஞ்சின் இவ்வளவில் 23 செ.மீ. நீளமே இருக்கும். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மினியேச்சர் வுண்டர்லாண்ட் என்னும் புகழ்பெற்ற காட்சியகம் இவ்வளவிலேயே அமைந்துள்ளது.

எச்.ஓ. தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மி.மீ. இது 1435 மி.மீ. இடைவெளியுள்ள ஐரோப்பிய, அமெரிக்கப் பாதைகளைக் கருதி வகுக்கப்பட்டது. இந்திய அகலப்பாதையின் இடைவெளி 1676 மி.மீ. கணக்கின்படி நம் நாட்டு எஞ்சினின் மாதிரிக்கு 19 மி.மீ.க்குச் சற்று மிகுந்த பாதை வேண்டும். எனினும் எளிதில் கிடைக்கும் பாதை 16.5 மி.மீ. உடையதே ஆதலால், இந்திய எஞ்சின் மாதிரிகளும் அதன்மேல் ஓடுகின்றன. உற்று நோக்குவோருக்கு எஞ்சின் சற்றுக் குறுகிய கால்களில் நிற்பதுபோல் தோன்றும். வேகக் கணக்கிற்கு இதனால் தீங்கொன்றும் இல்லை.

கட்டளை செல்லும் வழி

பழைய முறையில், தண்டவாளத்தில் 0 முதல் 12 வோல்ட் வரை நேர்திசை மின்னழுத்தம் செலுத்தப்பட்டது. அழுத்தத்தைக் கூட்டினால் எஞ்சின் விரையும். மின்முனைகளை மாற்றினால் திசை மாறும். முறை எளியது. ஆனால் ஒரே பாதையில் இரண்டு எஞ்சின்கள் நின்றால் இரண்டும் ஒருங்கே புறப்படும். ஒன்றை நிறுத்தி மற்றதை ஓட்டப் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தனித்தனி மின்கம்பிகள் இணைக்க வேண்டியிருந்தது.

புதிய முறையில் தண்டவாளத்தில் முழு மின்னழுத்தமும் எப்பொழுதும் இருக்கும். அம்மின்னழுத்தமே செய்தியையும் சுமந்து செல்லும். ஒவ்வோர் எஞ்சினுள்ளும் டிகோடர் என்னும் சிறு மின்னணுப் பலகை பொருத்தப்பட்டுள்ளது. அதற்கென ஒரு முகவரி எண் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வரும்பொழுது அவ்வெண் பெரும்பாலும் 3 ஆக இருக்கும். உரிமையாளர் அதனை மாற்றிக்கொள்வார். கட்டளை நிலையம் என்னும் கருவி, எல்லாச் செய்திகளையும் பாதை முழுவதற்கும் அனுப்புகிறது. தெருவில் வந்த கடிதங்களையெல்லாம் ஒருவர் உரக்கப் படித்துக்கொண்டே செல்ல, தன் பெயருக்கு வந்ததை மட்டும் ஒவ்வொரு வீட்டாரும் ஏற்றுக்கொள்வதைப் போன்றது இது.

செய்தியின் எழுத்துகள் இரண்டே: 1, 0. தண்டவாளத்தின் மின்முனைகள் மிக விரைவாக மாறிக்கொண்டே இருக்கின்றன. ஒரு முனைநிலை ஏறத்தாழ 58 மைக்ரோ நொடி நீடித்து மாறினால் அது 1. 100 மைக்ரோ நொடியோ அதற்கு மேலோ நீடித்து மாறினால் அது 0. முதலில் 1 என்னும் குறி பலமுறை அடுத்தடுத்து வந்து டிகோடரை விழிக்கச் செய்கிறது. பின்னர் முகவரி, அதன்பின் கட்டளை, இறுதியில் பிழையறியும் எண் வருகின்றன. இறுதி எண் பொருந்தாவிட்டால் டிகோடர் அச்செய்தியைத் தள்ளிவிடும். தூசு படிந்த தண்டவாளத்தில் செய்தி சிதைவது இயல்பே. ஆதலால் கட்டளை நிலையம் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறது.

ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் 1980களில் உருவாக்கிய முறையை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் தேசிய மாதிரி இரயில் சங்கம் 1990களின் முற்பகுதியில் இதற்குப் பொதுத்தரம் வகுத்தது. ஒரு நிறுவனத்தின் டிகோடர் மற்றொரு நிறுவனத்தின் கட்டளையைப் புரிந்துகொள்வது இப்பொதுத்தரத்தின் பயன். 1935இல் தோன்றிய அச்சங்கம், பொழுதுபோக்குக்காக மாதிரி இரயில் செய்வோர் கூடிய அமைப்பு என்பது கருதத்தக்கது.

எண் வேறு, வேகம் வேறு

பெரும்பாலோர் இன்று பயன்படுத்தும் அமைப்பில் வேகம் 126 படிகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. பழைய டிகோடர்களில் 28 படிகளோ 14 படிகளோ இருந்தன. கைக்கருவியில் 63 என்று காட்டினால் எஞ்சின் மணிக்கு 63 கி.மீ. வேகத்துக்கு ஒப்பாக ஓடுகிறது என்று புதியவர்கள் கருதுவதுண்டு. அது பிழை. 126 படிகளில் பாதி என்னும் கட்டளையே 63. அதற்குமேல் அவ்வெண்ணுக்குப் பொருள் இல்லை.

அக்கட்டளையைப் பெற்ற டிகோடர், மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தை மிக விரைவாகத் திறந்து மூடுகிறது. நீர்க்குழாயைப் பாதியளவு திறந்து வைப்பதற்கு மாறாக, முழுதும் திறந்து, முழுதும் மூடி, மீண்டும் திறப்பதைப் போன்றது இச்செயல். திறந்திருக்கும் நேரம் மிகுந்தால் மோட்டார் விரைந்து சுழலும்; குறைந்தால் மெல்லச் சுழலும்.

இரண்டு டிகோடர்கள் இரண்டு மோட்டார்களுக்கு ஒரே அளவில் மின்சாரம் விட்டாலும் எஞ்சின்கள் வெவ்வேறு வேகத்தில் ஓடுவதற்குக் காரணங்கள் பல. மோட்டார்கள் வேறுபடும். பற்சக்கரங்களின் விகிதம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒரே நிறுவனத்தின் ஒரே வகை எஞ்சின்கள் இரண்டிலும் மசகின் அளவு, அச்சின் உராய்வு, காந்தத்தின் வலிமை ஆகியவை முற்றிலும் ஒத்திருப்பதில்லை. ஒரே தறியில் நெய்த இரு வேட்டிகளும் நூலளவில் வேறுபடுவதைப் போன்றதே இதுவும்.

வேகத்தை அளத்தல்

திருத்துவதற்கு முன் அளத்தல் வேண்டும். கண்ணால் பார்த்து மதிப்பிடும் வேகம் நம்பத்தக்கதன்று. சிறு பொருள் விரைந்து செல்வதுபோலவே எப்பொழுதும் தோன்றும்.

அளப்பதற்கு முன் எஞ்சினை முன்னும் பின்னுமாக அரைமணி நேரம் ஓடவிடுவது நல்லது. மசகு இளகிப் பற்சக்கரங்களில் பரவும், உராய்வு நிலைபெறும். குளிர்ந்த எஞ்சினை அளந்து திருத்தியவர், அது சூடேறியபின் மீண்டும் திருத்த நேரிடும். சக்கரங்களும் தண்டவாளமும் தூய்மையாக இருத்தல் வேண்டும்.

சமதளமான நேர்ப்பாதையில் 200 செ.மீ. இடைவெளியில் இரண்டு குறிகள் இடப்படுகின்றன. எஞ்சின் முதற்குறிக்குச் சற்று முன்பிருந்தே புறப்பட்டு, முழு வேகத்தை எய்தியபின் அக்குறியைக் கடக்க வேண்டும். இரு குறிகளுக்கும் இடையே அது எடுத்துக்கொள்ளும் நேரம் நிறுத்துக் கடிகாரத்தால் குறிக்கப்படுகிறது. மாதிரியின் 200 செ.மீ., மெய்யான அளவில் 200 × 87, அதாவது 174 மீட்டர். ஓர் எஞ்சின் 63ஆம் படியில் அதனை 8 நொடியில் கடந்தால் அதன் வேகம் நொடிக்கு 21.75 மீட்டர், மணிக்கு ஏறத்தாழ 78 கி.மீ. இக்கணக்கை ஒவ்வொரு முறையும் முழுதாகச் செய்ய வேண்டுவதில்லை. 200 செ.மீ. பாதையில், எச்.ஓ. அளவுக்கு, 626 என்னும் எண்ணை நொடிகளால் வகுத்தால் மணிக்கு இத்தனை கி.மீ. என்பது கிடைத்துவிடும்.

மற்றோர் எஞ்சின் அதே படியில் அதே தொலைவைக் கடக்க 10 நொடி எடுத்துக்கொள்கிறது என்று கொண்டால், அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 63 கி.மீ. வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் மேசைமேல் முதல் எஞ்சின் நொடிக்கு 25 செ.மீ. செல்ல, இரண்டாவது 20 செ.மீ. மட்டுமே செல்கிறது. ஒவ்வொரு நொடியும் 5 செ.மீ. விலக வேண்டிய இரண்டையும் ஒரே தொடரில் பூட்டினால், அந்த 5 செ.மீ. எங்கேனும் தேய்மானமாக மாறியே தீரும்.

கடிகாரத்தை அழுத்துவதில் அரை நொடி பிசகினாலும் விடை மாறும்: 8 நொடிக்கு 78 கி.மீ.; எட்டரை நொடிக்கு 74 கி.மீ. கூட எட்டாது. மும்முறை அளந்து சராசரி காண்பதே முறை.

திருத்தும் வகை

டிகோடரின் நினைவகத்தில் எண்ணிடப்பட்ட பல அறைகள் உள்ளன. அவை அமைவு மாறிகள் எனப்படும், ஆர்வலர்களிடையே சி.வி. என்னும் சுருக்கப்பெயர் வழங்குகிறது. ஒவ்வோர் அறையிலும் 0 முதல் 255 வரை ஓர் எண்ணை எழுதலாம். வேகத்தைப் பொறுத்தவரை முதன்மையானவை மூன்று. சி.வி. 2, முதற்படியில் மோட்டாருக்குச் செல்லும் மின்னளவைக் குறிக்கும், சி.வி. 5, இறுதிப்படியின் மின்னளவு, சி.வி. 6, நடுப்படியின் மின்னளவு. 255 என்பது கிடைக்கும் மின்சாரம் முழுவதையும் குறிக்கும். 153 என்று எழுதினால் அதில் 60 விழுக்காடு.

எழுதுவதற்கெனத் தனித் தண்டவாளத் துண்டு ஒன்று ஒதுக்கப்படுகிறது. இதற்குக் காரணம் உண்டு. அங்கு அனுப்பப்படும் எழுது கட்டளையில் முகவரி இராது. அத்துண்டில் நிற்கும் டிகோடர் எதுவாயினும் அதனை ஏற்றுக்கொள்ளும். ஆகவே ஒரு நேரத்தில் ஓர் எஞ்சின் மட்டுமே அங்கு நிற்க வேண்டும். கட்டளையை ஏற்றதற்கு அடையாளமாக டிகோடர் ஒரு கணம் மோட்டாருக்கு மின்சாரம் விடும். எஞ்சின் இலேசாகத் துள்ளும். வாயில்லாப் பொறி தலையசைத்து விடையளிப்பது போன்ற அச்சிறு துள்ளலைக் கண்டபின்னரே அடுத்த எண்ணை எழுதுவர்.

முதலில் சி.வி. 3, சி.வி. 4 ஆகிய இரண்டிலும் 0 எழுதப்பட வேண்டும். இவை எஞ்சின் படிப்படியாக வேகம் கூட்டவும் குறைக்கவும் உதவுபவை. சி.வி. 3இல் உள்ள எண்ணை 0.896ஆல் பெருக்கினால், நின்ற நிலையிலிருந்து முழு வேகத்தை எய்த ஆகும் நொடிகள் கிடைக்கும். 30 என்று இருந்தால் ஏறத்தாழ 27 நொடி. அழகிய காட்சிதான், ஆயினும் அளக்கும்பொழுது இத்தாமதம் குழப்பத்தையே விளைவிக்கும். திருத்தம் முடிந்தபின் இவற்றைத் திரும்ப எழுதிக்கொள்ளலாம், இரு எஞ்சின்களுக்கும் ஒரே எண்ணாக.

அடுத்து, முதற்படியில் எஞ்சின் தயங்காமல் மெல்ல நகரத் தொடங்கும் வரை சி.வி. 2 ஒவ்வோர் எண்ணாக உயர்த்தப்படுகிறது. பின்னர் இறுதிப்படி. மாதிரி எஞ்சின்கள் பலவும் முழு மின்சாரத்தில் மெய்யான எஞ்சினின் வேகத்தை விஞ்சி ஓடுகின்றன. சுமையேற்றிய சரக்கு வண்டிக்கு மணிக்கு 75 கி.மீ. உச்சவேகம் என்று வைத்துக்கொண்டால், 200 செ.மீ. தொலைவை அது 8 நொடிக்கும் சற்று மிகுந்த நேரத்தில் கடக்க வேண்டும். அந்நேரம் வரும் வரை சி.வி. 5 குறைக்கப்படுகிறது. இதனால் மற்றுமொரு நன்மை உண்டு: தேவையற்ற மிகுவேகத்தில் வீணான படிகள் யாவும் இப்பொழுது பயன்படும் எல்லைக்குள் வந்துவிடுவதால், ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள வேறுபாடு நுண்ணியதாகிறது. நிலையத்துள் மெல்ல நுழையும் வண்டியின் ஓட்டம் அப்பொழுதுதான் மெய்போல் தோன்றும். இந்த ஒரு திருத்தத்தைச் செய்யாமல் எஞ்சினின் மோட்டாரைக் குறை கூறுவோர் பலர்.

நடுப்படிக்குரிய சி.வி. 6 இறுதியாகத் திருத்தப்படும். அதில் முதலுக்கும் இறுதிக்கும் நேர்நடுவான எண்ணை எழுதுவதைவிடச் சற்றுக் குறைந்த எண்ணை எழுதுவது சிறப்பு. சி.வி. 2இல் 5, சி.வி. 5இல் 150 என்றால் நேர்நடு ஏறத்தாழ 77. 60 என்று எழுதினால் கீழ்ப்பாதிப் படிகளில் வேகம் மெதுவாக வளரும். பெட்டிகளைக் கோக்கவும் கழற்றவும் வேண்டிய நுட்பம் கீழ்ப்பாதியிலேயே தேவைப்படுகிறது.

மூன்று எண்களால் வரும் வளைகோடு போதாது என்போருக்கு, சி.வி. 67 முதல் 94 வரை 28 அறைகள் கொண்ட வேக அட்டவணை உண்டு. சி.வி. 29இல் உள்ள எண்ணுடன் 16ஐக் கூட்டி எழுதினால் அட்டவணை நடைமுறைக்கு வரும். ஜே.எம்.ஆர்.ஐ. என்னும் இலவச மென்பொருள் இவ்வட்டவணையைக் கணினித் திரையில் வரைகோலங்களாகக் காட்டுகிறது. அதனால் எண்களோடு மல்லாட வேண்டுவதில்லை. பெரும்பாலான எஞ்சின்களுக்கு மூன்று எண்களே போதும்.

இரண்டையும் ஒன்றாக்கல்

இணைந்து ஓட வேண்டிய இரண்டில், மெதுவாக ஓடுவதே அளவுகோல். முழு மின்சாரத்திலும் மெதுவாக ஓடும் பொறியை மேலும் விரைவுபடுத்த வழியில்லை. விரைவானதைக் குறைக்க வழியுண்டு. முற்கூறிய இரு எஞ்சின்களில் விரைவானதன் சி.வி. 6இல் 75 என்று இருந்தால், 75ஐ 63ஆல் பெருக்கி 78ஆல் வகுக்க, ஏறத்தாழ 60 வரும். இது முதல் மதிப்பீடு மட்டுமே. உராய்வின் காரணமாக மின்னளவும் வேகமும் நேர்விகிதத்தில் மாறுவதில்லை. ஆதலால் 60 எழுதி, மீண்டும் அளந்து, ஓரிரு எண் கூட்டியோ குறைத்தோ நெருங்க வேண்டும்.

கடிகாரத்தால் திருத்தியபின், வட்டப்பாதையில் இரு எஞ்சின்களையும் ஏறத்தாழ 30 செ.மீ. இடைவெளியில், பூட்டாமல், ஒரே படியில் ஓடவிடுவர். 20ஆம் படியில் ஒருமுறை, 63இல் ஒருமுறை, 126இல் ஒருமுறை. ஒரு சுற்று முடிவில் இடைவெளி சில செ.மீ. மட்டுமே மாறினால் அதுவே போதுமானது. கொக்கிகளின் தளர்ச்சி எஞ்சியதை ஏற்றுக்கொள்ளும். முற்றிலும் ஒன்றாக்க முயன்று நாள்கணக்கில் உழைப்பவர் உண்டு. மறுநாள் குளிர் மிகுந்தால் அவ்வுழைப்பு கலைந்துவிடும்.

முன்னோக்கி ஒரு வேகமும் பின்னோக்கி மற்றொரு வேகமுமாக ஓடும் எஞ்சின்களும் உள்ளன. அவற்றுக்காக, பல டிகோடர்களில் சி.வி. 66 முன்னோட்டத்தையும் சி.வி. 95 பின்னோட்டத்தையும் தனித்தனியே சரிசெய்கின்றன. 128 என்பது மாற்றமில்லை என்று பொருள்படும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. இன்றைய டிகோடர்கள் பலவற்றில் வேகத்தைத் தானே காக்கும் அமைப்பு உள்ளது. மின்சாரம் மூடியிருக்கும் மிகச்சிறு கணத்தில் மோட்டார் தன் சுழற்சியால் ஒரு மின்னாக்கிபோல் செயல்பட்டு, எதிர் மின்னியக்கு விசையை உண்டாக்குகிறது. டிகோடர் அதனை அளந்து, ஏற்றத்தில் வேகம் குறைந்தால் மின்சாரத்தைக் கூட்டுகிறது, இறக்கத்தில் குறைக்கிறது. தனித்து ஓடும் எஞ்சினுக்கு இது பெரும் துணை. ஆனால் இரண்டு எஞ்சின்கள் ஒரே தொடரில் இருக்கும்பொழுது, ஒவ்வொன்றும் தன் வேகமே சரியென்று பிடிவாதம் பிடிக்கும். திருத்தப்படாத இரு எஞ்சின்களில் இவ்வமைப்பு இயங்கினால் ஒன்று இழுக்க, மற்றது தடுக்கும். வேகத்தை முதலில் ஒன்றாக்கி, அதன்பின்னும் இழுபறி தென்பட்டால் இவ்வமைப்பின் வலிமையைக் குறைப்பதே தக்கது.

இவ்வளவும் முடிந்தபின் சி.வி. 19இல் இரு எஞ்சின்களுக்கும் பொதுவான கூட்டு முகவரி எழுதப்படுகிறது. முன் எஞ்சினுக்கு 40 என்றால், எதிர்த்திசை நோக்கி நிற்கும் பின் எஞ்சினுக்கு அதனுடன் 128 கூட்டி 168. அது முதல் இரண்டும் 40 என்னும் ஒரே முகவரிக்கு வரும் வேகக் கட்டளைக்கே கீழ்ப்படியும். மேசைமேல் அமைந்த கர்ஜத்திலிருந்து வண்டி புறப்பட்டு, வளைவுகளில் சாயாமல், ஏற்றத்தில் திணறாமல் மேலேறும். லோனாவளாவில் பின் எஞ்சினின் கொக்கி கழற்றப்பட்டு, அதன் சி.வி. 19இல் மீண்டும் 0 எழுதப்பட்டதும், அது தன் சொந்த முகவரிக்குத் திரும்பி, அடுத்த வண்டிக்காக மலையிறங்கத் தொடங்கும்.

அருஞ்சொற்பொருள்

இடர்ப்பாடு – தொல்லை
விஞ்சுதல் – மிஞ்சுதல்
மசகு – உராய்வைக் குறைக்கும் நெய்ப்பொருள்
மல்லாடுதல் – போராடுதல்

பயிற்சி

1. எழுது கட்டளை அனுப்பும்பொழுது தனித் தண்டவாளத் துண்டில் ஓர் எஞ்சின் மட்டுமே நிற்க வேண்டும். ஏன்?
2. சி.வி. 5இன் எண்ணைக் குறைப்பதால் விளையும் இரண்டு நன்மைகள் யாவை?
3. என் என்னும் அளவில் மாதிரி, மெய்ப்பொருளின் 160இல் ஒரு பங்கு. அவ்வளவிலான சரக்கு எஞ்சின் ஒன்று 200 செ.மீ. தொலைவை 8 நொடியில் கடக்கிறது. அது மணிக்கு எத்தனை கி.மீ. வேகத்துக்கு ஒப்பாகும்? அவ்வேகம் சரக்கு வண்டிக்குத் தகுமா?
4. "மெதுவாக ஓடுவதே அளவுகோல்" – இத்தொடரைப் பாடப்பொருளின் துணையோடு ஐந்து வரிகளில் விளக்குக.